எம்.எஸ். நோயும் மரபணுவும்: எங்கள் எல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று, கேரளத்துக்குள் இருந்தாலும் வீட்டில் தமிழ் பேசும் ஊர்கள். பக்கவாதம், விபத்து, இடுப்பு ஆபரேஷன் என்று என்னைக் கூப்பிடுபவர்களே அதிகம். எம்.எஸ். உள்ளவர்கள் குறைவு. ஆனால் அந்த வீடுகளில்தான் கேள்வி ஓயாது. 'இது ரத்தத்தில் வருவதா, பிள்ளைக்கும் வருமா' என்ற ஒரே கவலைதான் பல விதமாகக் கேட்கப்படுகிறது. கோயம்புத்தூரிலோ திருச்சூரிலோ ஓ.பி.யில் காத்திருந்து உள்ளே போனால், மருந்து, ஸ்கேன், அடுத்த தேதி பேசவே நேரம் சரியாகிவிடுகிறது. அதனால் அந்தக் கேள்விகளையும், நரம்பியல் டாக்டர்களிடம் கேட்டும் ஆய்வுகளைப் படித்தும் எனக்குத் தெளிவான பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரிடம்தான்.

எம்.எஸ். என்றால் உடம்பில் என்ன நடக்கிறது?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பதன் சுருக்கம் எம்.எஸ். மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. கிருமியை எதிர்க்க வேண்டிய நம் நோய் எதிர்ப்புச் செல்களே அந்த உறையைத் தாக்குகின்றன. தாக்கிய இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு எங்கே விழுந்ததோ அதற்கேற்ப ஒருவருக்குக் கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகும், வேறொருவருக்குச் சிறுநீரை அடக்க முடியாது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் நடுவில் தொடங்கும். பிரான்ஸ் நாட்டு டாக்டர் ழான் மார்ட்டின் ஷார்கோ 1868-இலேயே இதைத் தனி நோயாக விளக்கிவிட்டார். தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

இது பரம்பரை நோயா?

மரபணுவுக்குப் பங்கு உண்டு, ஆனால் பரம்பரை நோய் என்று நாம் சொல்லும் பொருளில் அல்ல.

நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. அட்டப்பாடியில் ஆதிவாசி மக்களிடையே சிக்கிள் செல் என்ற ரத்த நோய் இருக்கிறது. அது ஒரே ஒரு மரபணுவில் வரும் பிழை. தாய், தந்தை இருவரும் அந்தப் பிழையில் ஒரு பிரதி வைத்திருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். எம்.எஸ்.ஸில் இப்படிக் கணக்குப் போட முடியாது. இங்கே 200-க்கும் மேற்பட்ட மரபணு மாறுபாடுகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக அபாயத்தைக் கூட்டுகின்றன அல்லது குறைக்கின்றன. அவற்றோடு வைரஸ், புகை, வைட்டமின் டி, இளவயது உடல் எடை எல்லாம் சேர்கின்றன. அப்படிச் சேர்ந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதில்லை.

இதற்கு நல்ல சாட்சி இரட்டையர்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்றுதான். நோயை மரபணு மட்டுமே தீர்மானிக்கும் என்றால், ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தாக வேண்டும். ஆனால் கனடாவில் நாடு முழுக்கப் பார்த்த ஆய்வில், ஒருவருக்கு எம்.எஸ். இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது சுமார் 25 சதவீத ஜோடிகளில்தான். வேறு சில ஆய்வுகளில் அதைவிடவும் குறைவு. இரு கரு இரட்டையரில் அந்த விகிதம் 5 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 25-க்கும் 5-க்கும் உள்ள இடைவெளி மரபணுவின் பங்கைக் காட்டுகிறது. 25-க்கும் 100-க்கும் உள்ள இடைவெளி மற்றவற்றின் பங்கைக் காட்டுகிறது.

அதே கனடாவில், எம்.எஸ். உள்ள குடும்பங்கள் தத்தெடுத்து வளர்த்த பிள்ளைகளையும் பார்த்தார்கள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ஆனால் அவர்களுக்கு அபாயம் பொதுமக்களுக்கு உள்ளதைப் போலத்தான் இருந்தது. குடும்பத்துக்குள் நோய் சற்றுக் கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம் ரத்த உறவு, சேர்ந்து வாழ்வது அல்ல என்று அதிலிருந்து தெரிந்தது.

அக்காவுக்கு இருக்கிறது. எனக்கு வர எவ்வளவு வாய்ப்பு?

ஐரோப்பிய, வட அமெரிக்கக் கணக்கில் கூடப்பிறந்தவர்களுக்கு 2 முதல் 3 சதவீதம், பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 2 சதவீதம். அதாவது, எம்.எஸ். உள்ள 100 பேரின் தங்கைகளை எடுத்தால் 97 பேருக்கு வராது. நம் நாட்டில் நோயே அங்கே இருக்கும் அளவுக்குப் பரவலாக இல்லை என்பதால், இங்கே அந்த எண் இன்னும் சிறியதாகவே இருக்க வாய்ப்பு. சித்தப்பா மகள், மாமன் மகன் என்று உறவு தள்ளிப்போகப் போக, அபாயம் வேகமாகக் குறைந்து பொதுமக்களின் அளவுக்கு அருகில் வந்துவிடும்.

யார் பக்கத்திலிருந்து வந்தது? அப்பா பக்கமா, அம்மா பக்கமா?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இந்தக் கேள்விதான் வீட்டைப் பிளக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு வீட்டில் மருமகளின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் கதவோரம் நின்றுகொண்டு, "எங்க பக்கம் ஏழு தலைமுறையா இப்படி ஒண்ணும் இல்லீங்க தம்பி. அவங்க அம்மா வீட்டுப் பக்கந்தான் விசாரிக்கோணும்" என்றார். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை ஓரளவு தளர்ந்து வந்த கால், என் கைக்குள்ளேயே விறைத்துக்கொண்டது. எம்.எஸ். உள்ளவர்களுக்கு மனம் இறுகினால் தசையும் இறுகும். அன்றைக்கு அதற்குமேல் பயிற்சி செய்ய முடியவில்லை.

அந்த அம்மாவிடம் நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அபாயத்தைக் கூட்டும் மாறுபாடுகளில் பெரும்பாலானவை அபூர்வமானவை அல்ல. மக்களில் பலரிடமும் இருக்கும் சாதாரண மாறுபாடுகள். உங்களிடம் பல இருக்கும், என்னிடமும் இருக்கும், உங்கள் மகனிடமும் இருக்கும். ஒரு குழந்தை பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. எந்தப் பாதி விழும் என்பதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. நோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குடும்பத்தில் முன்னால் யாருக்கும் இந்த நோய் இருந்ததில்லை. அதனால் 'எங்கள் பக்கம் யாருக்கும் இல்லை' என்று இரு வீட்டாரும் சொல்லலாம், இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். ஒரு பக்கத்தைக் கைகாட்ட மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

எந்த மரபணு முக்கியமானது?

மரபணுக்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் இழைகளைக் குரோமோசோம் என்பார்கள். அவற்றில் ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்ற மரபணுக் கூட்டம் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்திலேயே எம்.எஸ்.ஸுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு தெரிந்துவிட்டது. சிறுநீரக மாற்று சிகிச்சை பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு எச்.எல்.ஏ. என்ற பெயர் பழக்கமாக இருக்கும். தானம் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் பொருத்தம் பார்ப்பது இதைத்தான்.

இதன் வேலை காட்டிக்கொடுப்பது. உடம்புக்குள் வந்த கிருமியின் துணுக்குகளை, விருந்தாளி முன் தாம்பாளத்தில் வைத்து நீட்டுவதைப் போல, டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களுக்கு எச்.எல்.ஏ. மூலக்கூறு நீட்டிக் காட்டும். டி செல் அதைப் பார்த்து 'இது அந்நியம், தாக்கு' என்றோ 'இது நம்முடையது, விடு' என்றோ முடிவெடுக்கும். மூலக்கூறின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறுவதால், எந்தத் துணுக்கு நன்றாகப் பொருந்தி உட்காரும் என்பதும் மாறுகிறது. எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1*15:01 என்ற வடிவத்தை வைத்திருப்பவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. எம்.எஸ்.ஸில் தனியொரு பொதுவான மாறுபாட்டுக்கு இதுவரை தெரிந்த மிகப் பெரிய தாக்கம் இதுதான். எச்.எல்.ஏ.-ஏ*02 என்ற வேறொரு வடிவமோ பாதுகாப்புத் தருகிறது.

'3 மடங்கு' என்றதும் பயப்பட வேண்டாம். வட ஐரோப்பாவில் ஆரோக்கியமாக இருக்கும் மக்களிலேயே ஏறக்குறைய 4-ல் ஒருவரிடம் இந்த 15:01 இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க எம்.எஸ். வருவதில்லை. மறுபக்கம், எம்.எஸ். வந்தவர்களில் கணிசமானவர்களிடம் இது இல்லவே இல்லை. சிறிய எண்ணை 3-ஆல் பெருக்கினாலும் சிறிய எண்தான் வரும்.

மற்ற 200 மாறுபாடுகள் எப்படித் தெரிய வந்தன?

எச்.எல்.ஏ.வுக்குப் பிறகு 30 ஆண்டுகளுக்கும் மேலாக உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மாறுபாட்டின் தாக்கமும் அவ்வளவு சிறியது. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் ரத்தத்தை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்காகப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து சர்வதேச எம்.எஸ். மரபணுக் கூட்டமைப்பை அமைத்தார்கள். 2007-இல் ஐ.எல்.7.ஆர்., ஐ.எல்.2.ஆர்.ஏ. என்ற இரண்டு மரபணுக்கள் கிடைத்தன. 2011-இல் பட்டியல் 50-ஐத் தாண்டியது. 2013-இல் எச்.எல்.ஏ. பகுதிக்கு வெளியே மட்டும் 110. 2019-இல் 47,429 நோயாளிகளையும் 68,374 நோயற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில் மொத்தம் 233 இடங்கள்: எச்.எல்.ஏ. பகுதியில் 32, எக்ஸ் குரோமோசோமில் 1, மற்ற குரோமோசோம்களில் 200. எச்.எல்.ஏ.வுக்கு வெளியே உள்ள ஒவ்வொன்றும் அபாயத்தைப் பெரும்பாலும் 10, 20 சதவீதம் கூட்டுவதோடு சரி.

இந்தப் பட்டியலைப் பார்த்தபோது ஆய்வாளர்களுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. இவற்றில் பெரும்பாலானவை நோய் எதிர்ப்புச் செல்களில் வேலை செய்பவை. எம்.எஸ். மூளையில் தொடங்கும் நோயா, எதிர்ப்பு மண்டலத்தில் தொடங்கும் நோயா என்ற பழைய விவாதத்தில், எதிர்ப்பு மண்டலத்தின் பக்கம் தராசு நன்றாகச் சாய்ந்தது. மூளைக்குள்ளேயே காவல் இருக்கும் மைக்ரோகிளியா செல்களுக்கும் பங்கு உண்டு என்பது 2019 ஆய்வில் தெரிந்தது.

இந்த ஆராய்ச்சியால் நோயாளிக்கு என்ன லாபம்?

நியாயமான கேள்வி. ஒரு நல்ல பதில் இருக்கிறது.

முடக்குவாதம், முதுகெலும்பு இறுகும் நோய் போன்றவற்றுக்கு டி.என்.எஃப். என்ற புரதத்தை அடக்கும் ஊசிகள் கொடுப்பார்கள். அவை மூட்டுகளுக்கு அருமையாக வேலை செய்வதைப் பார்த்து, 1990-களில் அப்படிப்பட்ட ஒரு மருந்தை எம்.எஸ்.ஸுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் குறையவில்லை, கூடியது. ஏன் என்று அப்போது புரியவில்லை. 2012-இல் விடை மரபணுவில் கிடைத்தது. எம்.எஸ். அபாயத்தைக் கூட்டும் மாறுபாடுகளில் ஒன்று டி.என்.எஃப்.ஆர்.எஸ்.எஃப்.1ஏ என்ற மரபணுவில் இருக்கிறது. அது ரத்தத்தில் மிதந்து டி.என்.எஃப்.பைப் பிடித்து அடக்கும் ஒரு துண்டுப் புரதத்தை உண்டாக்குகிறது. அந்த ஊசி செய்யும் வேலையைத்தான் அந்த மாறுபாடும் சிறிய அளவில் செய்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். எம்.எஸ். உள்ளவரோ, ஒருமுறை கண் நரம்பு வீக்கம் வந்தவரோ மூட்டு வலிக்காக வேறு டாக்டரிடம் போனால், பழைய நரம்பியல் விவரத்தை முதலில் சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட பிறகு சொல்வதில் பயனில்லை.

இவையெல்லாம் வெள்ளைக்காரர்களிடம் செய்த ஆய்வுகள். நமக்குப் பொருந்துமா?

ஓரளவுதான். ஆய்வில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பது உண்மை. இந்தியாவில் செய்த சிறிய ஆய்வுகளிலும் 15:01-இன் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அதனால் அடிப்படை ஒன்றுதான். ஆனால் எந்த மாறுபாடு எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். அங்கே கிடைத்த எண்களை எடுத்து நம் பிள்ளைக்கு மதிப்பெண் போடக் கூடாது.

அங்கே ஏன் நோய் அதிகம் என்பதற்கு 2024-இல் ஒரு சுவாரசியமான விடை வந்தது. பழங்கால எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுவைப் படித்தவர்கள், எம்.எஸ். அபாய மாறுபாடுகள் பல, சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குள் போன யம்னயா என்ற ஆடுமாடு மேய்க்கும் மக்களோடு வந்தவை என்று கண்டார்கள். கால்நடையோடு நெருங்கி வாழ்ந்தவர்களைத் தாக்கிய கிருமிகளிலிருந்து அந்த மாறுபாடுகள் அன்று காப்பாற்றியிருக்கலாம். நோயைத் தருவதற்கென்று எந்த மரபணுவும் வந்து சேர்வதில்லை என்பதை நான் இதிலிருந்துதான் நன்றாகப் புரிந்துகொண்டேன். இந்தியாவுக்குள்ளும் எல்லோருக்கும் அபாயம் ஒன்றல்ல; மும்பையில் பார்சி மக்களிடையே எம்.எஸ். மற்றவர்களைவிடக் கூடுதல் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கெடுத்திருக்கிறார்கள்.

இடமும் முக்கியம். இந்தியா, பாகிஸ்தானிலிருந்து இங்கிலாந்து போய்க் குடியேறியவர்களுக்கு எம்.எஸ். குறைவாகவே இருந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்கள் பிள்ளைகளுக்கோ அந்த ஊர்க்காரர்களுக்கு நெருக்கமான அளவில் வந்தது. ஒரே தலைமுறையில் மரபணு மாறிவிடாது. பிள்ளை எங்கே வளர்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. இங்கிருந்து நர்ஸ் வேலைக்காகக் குடும்பத்தோடு இங்கிலாந்து போனவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். பயப்படுத்த அல்ல, அங்கே குளிர்காலத்தில் பிள்ளைகளின் வைட்டமின் டி பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வதற்காக.

நாங்கள் மாமன் மகளைக் கட்டினோம். அதனால்தான் வந்ததா?

அப்படிச் சொல்ல இடமில்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்வதால் கூடுவது, இரு பக்கமும் ஒரே பழுதுப் பிரதி வந்து சேர்ந்தால் வெளிப்படும் நோய்கள். எம்.எஸ். அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

ஆனால் டாக்டர் 'சொந்தத்தில் கல்யாணமா?' என்று கேட்டால் மறைக்காதீர்கள், கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். அவர் குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. எம்.ஆர்.ஐ.யில் எம்.எஸ். போலவே தெரியும் வேறு நோய்கள் இருக்கின்றன. மூளையின் வெண்பகுதியைச் சிதைக்கும் லூக்கோடிஸ்ட்ரோஃபி வகைகள் பலவும் அப்படி இரு பக்கப் பழுதால் வருபவை. காடசில் என்ற இன்னொன்று, நாட்ச்3 என்ற மரபணுவின் ஒரே ஒரு பிரதியில் பிழை இருந்தாலே தலைமுறை தவறாமல் வரும். அந்தக் குடும்பங்களில் ஒற்றைத் தலைவலியும், இளம் வயதிலேயே பக்கவாதமும் இருக்கும். அவற்றுக்கு வைத்தியமே வேறு. உங்கள் ஒரு பதில் அவரை அந்தத் திசையில் யோசிக்க வைக்கும்.

ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?

எம்.எஸ். இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும், இனி வருமா என்று தெரிந்துகொள்ளவும் வேண்டாம். அப்படிச் சொல்லும் டெஸ்ட் எதுவும் இல்லை. நோயைக் கண்டுபிடிப்பது அறிகுறிகள், நரம்பியல் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் முதுகில் நீர் எடுத்துப் பார்ப்பது ஆகியவற்றால். பி12 குறைவு, காசநோய் போன்றவற்றை விலக்க ரத்தப் பரிசோதனைகளும் உண்டு. குறிப்பாக, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கி எம்.எஸ். போலவே தோன்றும் என்.எம்.ஓ. என்ற வேறு நோயை விலக்குவது முக்கியம். அதற்கான ஆன்டிபாடி 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டது. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கும். கையில் பணம் குறைவாக இருந்தால், அந்த ஆன்டிபாடி டெஸ்டுக்குச் செலவழியுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஒரு குடும்பம் தங்கை கல்யாணத்துக்கு முன்னால் 'பார்த்துவிடலாம்' என்று ஒரு தனியார் லேபில் எச்சில் மாதிரி கொடுத்திருந்தது. வழவழ தாளில் பக்கம் பக்கமாக ரிப்போர்ட், எம்.எஸ். என்ற வரிக்கு எதிரே சிவப்பு எழுத்தில் 'அபாயம் கூடுதல்'. எதைவிடக் கூடுதல், 1,000-க்கு எத்தனை பேருக்கு வரும் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சிவப்பு எழுத்தை நம்பி ஒரு சம்பந்தம் கலைந்தது. பெண் நன்றாக இருக்கிறாள். அந்தத் தாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஒரு மரபணு டெஸ்ட் மட்டும் நிஜமாகவே தேவைப்படலாம். சிபோனிமோட் என்ற மாத்திரையைத் தொடங்கும் முன் சி.ஒய்.பி.2சி9 என்ற மரபணுவைப் பார்ப்பார்கள். கல்லீரல் அந்த மருந்தை எவ்வளவு வேகமாகக் கரைக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் அது. சிலருக்கு அளவைக் குறைக்க வேண்டும், *3 என்ற வடிவத்தில் இரண்டு பிரதிகள் உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. டாக்டர் அந்த டெஸ்ட் எழுதினால் தயங்காமல் எடுங்கள்.

வைரஸால் வருகிறது என்கிறார்களே, அப்போது மரபணு எதற்கு?

இரண்டும் சேர்ந்துதான். எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ், வளர்ந்தவர்களில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவர்கள் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. சிறு வயதில் சாதாரணக் காய்ச்சல் போல வந்து போய், உள்ளேயே தங்கிவிடும். அமெரிக்க ராணுவத்தில் 1 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் பார்த்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. இந்த வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். அபாயம் 32 மடங்கு கூடியது என்று அது காட்டியது. அதே ஆண்டு இன்னொரு குழு, வைரஸின் ஈ.பி.என்.ஏ.1 என்ற புரதத்தின் ஒரு பகுதியும் மூளையில் உள்ள கிளியல்கேம் என்ற புரதத்தின் ஒரு பகுதியும் ஒன்று போல இருப்பதைக் கண்டது. நோயாளிகளில் சிலரிடம், வைரஸை அடிக்கப் புறப்பட்ட ஆன்டிபாடி, ஆள் மாறி மூளையின் புரதத்தை அடிக்கிறது.

எல்லோருக்கும் வைரஸ் இருந்தும் சிலருக்கு மட்டும் ஏன் நோய்? அங்கேதான் மரபணு வருகிறது. துணுக்கை எடுத்துக் காட்டும் எச்.எல்.ஏ. யாருக்கு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒருவர் உடம்பு வைரஸைச் சமாளிக்கும் விதம் மாறுகிறது.

மரபணுவை மாற்ற முடியாது. அப்போது நம் கையில் என்ன இருக்கிறது?

புகை. இதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்வீடனில் 2011-இல் வெளியான ஆய்வில், அபாயத்தைக் கூட்டும் டி.ஆர்.பி.1*15 என்ற எச்.எல்.ஏ. வடிவம் இருந்து, பாதுகாக்கும் ஏ*02 இல்லாதவர்களைப் பார்த்தார்கள். இந்த இரண்டு பாதகமும் இல்லாத, புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால், புகைக்காதபோது இவர்களுக்கு அபாயம் சுமார் 5 மடங்கு. புகைத்தபோது 13 மடங்குக்கும் மேல். மரபணு அதேதான், பீடியும் சிகரெட்டும் அதை ஊதிப் பெரிதாக்குகின்றன. நோய் வந்த பிறகும் புகைப்பவர்களுக்கு அது வேகமாக முற்றுகிறது. வீட்டுக்குள் புகைக்கும் மாமாக்களுக்கும் அப்பாக்களுக்கும் இது பொருந்தும். மற்றவர் விட்ட புகையைச் சுவாசிப்பதும் அபாயத்தில் சேரும். பதின்வயதில் அதிக எடை இன்னொரு காரணம்.

வைட்டமின் டி-யைப் பற்றி ஒன்று. மரபணுவிலேயே வைட்டமின் டி குறைவாக அமைந்தவர்களுக்கு எம்.எஸ். அபாயம் கூடுதல் என்று 2015-இல் காட்டினார்கள். குறைவு இருந்தால் சரிசெய்வது நல்லதுதான். ஆனால் 60,000 யூனிட் பாக்கெட்டை மெடிக்கலில் வாங்கி இஷ்டத்துக்குப் பாலில் கலந்து குடிப்பதை இரண்டு மூன்று வீடுகளில் பார்த்துவிட்டேன். ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கும். அளவை டாக்டர் சொல்லட்டும்.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

உலகம் முழுக்க ஆண்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட பெண்களுக்கு வருகிறது. ஹார்மோன், எக்ஸ் குரோமோசோம், எதிர்ப்பு மண்டலத்தின் இயல்பு எல்லாம் சேர்ந்த காரணம்.

கல்யாணம் செய்யலாமா? குழந்தை பெறலாமா?

இரண்டும் செய்யலாம். குழந்தைக்கு வரும் வாய்ப்பை மேலே பார்த்தோம். அந்த எண்ணுக்காகக் குழந்தை வேண்டாம் என்று எந்த நரம்பியல் டாக்டரும் சொல்லி நான் கேட்டதில்லை. கர்ப்ப காலத்தில், குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், தாக்குதல் குறையும். பிரசவத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதங்களில் கூடலாம். அந்த நேரத்தில்தான் வீட்டில் ஆள் துணை வேண்டும். மருந்தில் மட்டும் கவனம். தெரிஃப்ளுனோமைட், ஃபிங்கோலிமோட் போன்றவற்றைக் கருத்தரிக்கும் முன்பே நிறுத்தியாக வேண்டும். நாள் தள்ளிப்போன பிறகு யோசிக்கும் விஷயம் அல்ல இது.

மறைத்துக் கட்டிக்கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நோய் வந்தவருக்கு, சொல்லிச் செய்த கல்யாணத்தில்தான் மருந்தைக் குளிர்பெட்டியில் வெளிப்படையாக வைக்க முடியும். நோய் இல்லாத தங்கைக்கோ சொல்ல வேண்டியது எதுவுமே இல்லை.

நோய் எவ்வளவு கடுமையாகும் என்று மரபணு சொல்லுமா?

2023-இல் முதல் தடயம் கிடைத்தது. இரண்டாவது குரோமோசோமில் டி.ஒய்.எஸ்.எஃப்., இசட்.என்.எஃப்.638 என்ற இரண்டு மரபணுக்களுக்கு அருகில் உள்ள ஒரு மாறுபாட்டை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு, நடக்கத் துணைக்கோல் தேவைப்படும் நிலை சராசரியாக 3.7 ஆண்டுகள் முன்னதாக வருகிறது. இந்த மரபணுக்கள் எதிர்ப்புச் செல்லைவிட மூளை, தண்டுவடத்தோடு தொடர்புள்ளவை. நோய் வருவதற்கு ஒரு கூட்டம் காரணம், முற்றுவதற்கு வேறு கூட்டம் காரணம் என்று இதிலிருந்து தெரிகிறது. ஒருவரைப் பார்த்து ஜோசியம் சொல்ல இது போதாது. நரம்பைக் காக்கும் புது மருந்துகளைத் தேட ஒரு வழி கிடைத்திருக்கிறது.

பங்குனி, சித்திரை வெயிலில் கூடிவிடுகிறதே, அதுவும் மரபணுவா?

இல்லை. உடம்புச் சூடு ஏறினால், ஏற்கெனவே உறை தேய்ந்த நரம்பில் சமிக்ஞை தடுமாறும். 1890-இல் ஜெர்மனியின் கண் டாக்டர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் விளக்கியது இது. சூடு இறங்கினால் தானாகச் சரியாகும்; புதுத் தாக்குதல் அல்ல. பாலக்காட்டு வெயிலில் பயிற்சியைக் காலை 7 மணிக்குள் முடித்துவிடுகிறேன், கழுத்தில் ஈரத்துண்டு போடச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

எங்கே காட்டுவது? என்ன எடுத்துப் போவது?

நம் பக்கத்தவர்களுக்குக் கோயம்புத்தூர்தான் கிட்டே. திருச்சூரும் எட்டும் தூரம்தான். சிக்கலான கேஸ்களைத் திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிறுவனத்துக்கு அனுப்புவதும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் எம்.எஸ். பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஊனத்தின் அளவைப் பார்த்துச் சான்றிதழும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் கிடைக்கும், அட்டை நாடு முழுக்கச் செல்லும். ஆனால் மாநில அரசின் உதவித்தொகைக்கு நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ரேஷன் கார்டு கேரளத்தில் என்றால் கேரளத்தில்.

போகும்போது பழைய எம்.ஆர்.ஐ. சி.டி.யையும் எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. குடும்ப விவரத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இரு பக்கமும் யாருக்காவது எம்.எஸ்., தைராய்டு, முடக்குவாதம், சிறு வயதில் வந்த சர்க்கரை, இளம் வயதில் பக்கவாதம், காரணம் தெரியாத கண் மங்கல் இருந்ததா, எந்த வயதில், என்ன உறவு. இந்தத் தாளை மாமியாரும் அம்மாவும் ஒன்றாக உட்கார்ந்து எழுதினால் விவரம் முழுசாக வரும். நான் போகும் வீடுகளில் அப்படித்தான் எழுதச் சொல்கிறேன்.